எள்ளும் தண்ணீரும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் எள்ளுப் பயிரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பலாங்கொடைக்கு மேலே உள்ள மலைகளில், வேலைக்காலம் முழுவதும் தேயிலையோடு கிடந்தவன் நான். தேயிலையைப் பற்றி ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு பருவம் எள்ளு விளைவித்தேன். அதனால் இப்போது நான் எள்ளு நிபுணர். உங்களுக்கும் இப்படித்தான் நடக்கும். எதில் பெயர் வாங்கப் போகிறோம் என்பது வேலைக்குச் சேரும்போது நம்மிடம் சொல்லப்படுவதில்லை.

எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசன்களில் மழை நிற்காது. கீழ் டிவிசனில் பெய்யாது. பலாங்கொடையிலிருந்து கல்தோட்டைப் பக்கம் பஸ்ஸில் இறங்கியவர்களுக்கு இது புரியும். ஒரு வளைவு வரைக்கும் சுவெட்டர் வேண்டும், அடுத்த வளைவில் விசிறி வேண்டும். அந்த விசிறி வளைவுக்குக் கீழேதான் எங்கள் கீழ் டிவிசன் இருந்தது. அங்கே தேயிலை வைத்தார்கள், கருகியது. இறப்பர் வைத்தார்கள், காய்ந்தது. யாரும் வைக்காத மானாப்புல் மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

அங்கே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் தினமும் லொறியில் ஏறி மேலே கொழுந்தெடுக்கப் போவார்கள். நாட்டில் டீசலும் இல்லை, உரமும் இல்லை என்ற காலம் வந்தபோது லொறி நின்றது. கீழ் டிவிசனை மூடிவிட்டு, குடும்பங்களைப் பிரித்து வேறு வேறு தோட்டங்களில் காலியாகக் கிடக்கும் லயங்களுக்கு அனுப்பலாம் என்று கம்பெனியில் பேச்சு எழுந்தது. அப்போது தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்திருந்த இளம் துரை, கொழும்பில் படித்த சிங்களப் பையன், நல்ல மனது, ஒரு யோசனை சொன்னார். அந்த நிலத்தில் ஏதாவது விளைந்து காட்டினால் மூட வேண்டியதில்லை. எள்ளு போட்டுப் பார்ப்போம்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் இதைச் சனங்களிடம் அறிவித்தபோது, எள்ளுக்குத் தமிழ்ச் சொல் அவருக்கு வாயில் வரவில்லை. சிங்களத்தில் எள்ளுக்குத் 'தல' என்று பெயர்.

"இந்த சீசன்ல நாம கீழ எல்லா எடத்துலயும் தல போடுவோம்" என்றார்.

பெண்கள் கூட்டத்தின் முன்னால் நின்ற பரமேஸ்வரி கேட்டார்:

"யாரு தலைய, தொரை?"

பரமேஸ்வரியை உங்களுக்கு அறிமுகப்படுத்த இதுவே போதும். கீழ் டிவிசனில் பெண்கள் எந்த வேலைக்கு இறங்க வேண்டும், எதற்கு இறங்கக்கூடாது என்பதைத் துரையும் நானும் தீர்மானிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் தீர்மானித்தவர் அவர்தான். நான் முன்னால் வந்து, தல என்றால் எள்ளு என்று விளக்கியதும் எல்லாரும் சிரித்தார்கள். துரை கடைசியாகச் சிரித்தார்.

வேலை கொடுக்கப்பட்டது எனக்கு. நான் கள உத்தியோகத்தர், சனங்களுக்கு 'ஐயா'. எள்ளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இட்லிப் பொடி வரைக்கும்தான். விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரம் ஒன்றைப் படித்தேன். கல்தோட்டையில் எள்ளு போடும் ஆட்கள் சிலரிடம் போய்ப் பேசினேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆனால் இரண்டு விசயத்தில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். சித்திரைக்கு முன் விழும் மழையின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விதைக்க வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர் விசயத்தில் கை அடக்கம் வேண்டும்.

முதல் விசயத்தில் சிக்கல் உடனேயே வந்தது. நல்ல மழை பெய்தது. மண் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், தட்டினால் உதிரும் பதத்துக்கு வந்தது. நான் துரையிடம் ஓடினேன்.

"கம்பெனி டைரக்டர் வரணும், ஐயா" என்றார் துரை. "அவர் கையால ஸ்டார்ட் பண்ணணுமாம். வருசப் பொறப்பு முடிஞ்சு டேட் தாறேன்னு சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் இருப்போம்."

"தொரை, மழை டைரக்டரக் கேட்டுப் பெய்யலைங்களே."

"அதுதான் எனக்கும் பயம்."

அவரைக் குறை சொல்ல முடியாது. டைரக்டர் கோபித்துக்கொண்டால் டிவிசன் மூடப்படும். எள்ளு முளைக்காவிட்டாலும் டிவிசன் மூடப்படும். இரண்டில் எது முந்தும் என்பதுதான் கேள்வி. நான் வேலை பழகிய காலத்தில் என்னோடு இருந்த ஒரு பெரிய உத்தியோகத்தர் அடிக்கடி ஒன்று சொல்வார்: "மேல இருக்கவங்ககிட்ட வேணாம்னு சொல்லாத. இங்க வேணாம், அங்கன்னு சொல்லு." விவசாயம் சம்பந்தமாக அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த பெரும்பாலானவை பிழை என்று பிறகு தெரிந்தது. இது ஒன்று மட்டும் பிழையாகவில்லை.

"டைரக்டருக்கு ஒரு மூலைய விட்டு வைக்கிறேன், தொரை" என்றேன். "ரோட்டோரம். வாகனம் நிக்க எடம் இருக்கு, போட்டோவுக்கு வெளிச்சமும் விழும். அவரு அங்க ஸ்டார்ட் பண்ணட்டும்."

"மத்த நெலம்?"

"மத்தத நாளைக்கே போட்டுருவோம்."

துரை வானத்தைப் பார்த்தார். மேகம் கலையத் தொடங்கியிருந்தது. "ஹரி" என்றார், சிங்களத்தில் சரி என்று.

வருசப் பிறப்புக்கு முன்பே விதைத்து முடித்தோம். லீவு முடிந்து சனங்கள் திரும்பி வந்தபோது கீழ் டிவிசன் பச்சைக் கோடு போட்டிருந்தது. மானாப்புல்லைத் தவிர அந்த நிலத்தில் வேறொன்று பச்சையாக நின்றதை அன்றுதான் பார்த்தோம்.

டைரக்டர் வருவதாகச் சொன்ன தேதி ஒன்று போய், இன்னொன்றும் போய், ஒருவழியாக வந்தார். அவரோடு ஒரு பம்பும் வந்தது. கீழே ஓடும் ஓயாவிலிருந்து, அந்தச் சிற்றாற்றிலிருந்து, தண்ணீர் இழுக்கும் பம்ப், வெயிலில் ஓடுவது, டீசலே தேவையில்லை. வெளிநாட்டு அமைப்பு ஒன்று இனாமாகக் கொடுத்தது. கீழ் டிவிசனுக்குத் தண்ணீர் கேட்டு எத்தனை வருசம் மேலே எழுதியிருப்போம்! எழுதியவர்கள் ஓய்வு பெற்றுப் போய்ச் சேர்ந்த பிறகு, தண்ணீர் கேட்காத ஒரு பயிரைப் போட்டிருக்கும்போது, பம்ப் வந்தது.

டைரக்டர் தம் மூலையில், அதற்குள் தூளாகிவிட்ட மண்ணில், நின்றபடி ஒரு கை எள்ளை வீசினார். பிறகு பம்பைத் திறந்து வைத்தார். விதைத்த இடத்தின் மேலேயே தண்ணீர் பீறிட்டது. எல்லாரும் கை தட்டினோம். அவர் போன பிறகு அடித்த வெயிலில் மேல்மண் அப்பளம் போல இறுகியது. எள்ளு முளைக்கு அப்பளத்தை உடைக்கிற பலம்கூடக் கிடையாது. பரமேஸ்வரியின் ஆட்கள் உட்கார்ந்து மேல்மண்ணைப் பதமாகக் கிளறிவிட்டு, இன்னொரு தடவை தூவிய பிறகுதான் அங்கே கொஞ்சம் தலைகாட்டியது. விதைக்கிற நேரம் என்று நான் சொல்வது இதைத்தான். ஈரத்தில் விதை போடுவதும், விதை போட்டு ஈரமாக்குவதும் ஒன்று போலத் தெரியும். முளைக்கிற எள்ளுக்கு அது ஒன்றல்ல.

பெரிய நிலத்துக்குப் பூக்கிற நேரத்தில் ஒரு தடவை தண்ணீர் கட்டினேன். காய் பிடிக்கும்போது இன்னொரு தடவை கட்டினேன். பம்ப் அறையைப் பூட்டிச் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றோடு கீழ் டிவிசனில் என் பெயர் 'பூட்டு ஐயா' ஆகிவிட்டது.

வெயில் ஏறியது. காற்றும் சேர்ந்துகொண்டது. ஒரு மத்தியானம் பரமேஸ்வரி பெண்களைக் கூட்டிக்கொண்டு பம்ப் அறைக்கு வந்தார்.

"ஐயா, பூட்டத் தொறங்க. பயிரு தலையத் தொங்கப் போட்டுருச்சு."

"மத்தியானம் யாரும்மா தலைய நிமித்திக்கிட்டு நிக்கிறா? காலையில பாத்தீங்களா?"

"காலையில பாக்குறதுக்கு அது என்ன சாமியா? இப்ப சாகுது, இப்ப தண்ணி விடுங்க."

"இப்ப விட்டாத்தான் சாகும்."

"மழைக்குள்ளயே வேல பாத்த ஐயாவுக்குத் தாகம் எப்படித் தெரியும்?" என்றார் பரமேஸ்வரி. பெண்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. பயிர் போனால் லயம் போகும், பக்கத்து வீட்டு உறவு போகும், பிள்ளைகள் போகிற பள்ளிக்கூடம் போகும். கண் முன்னால் தண்ணீர் இருக்கிறது, ஒரு ஆள் அதைப் பூட்டி வைத்திருக்கிறான். அவர்கள் இடத்தில் நான் இருந்தால் பூட்டை உடைத்திருப்பேன்.

நான் உறுதியாக நின்றேன் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு துண்டுப்பிரசுரமும் சில ஆட்களின் பேச்சும். ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. 'எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது' என்று அந்த இடத்தில் நின்றால் அவர்கள் தோற்க மாட்டார்கள், பயிர்தான் தோற்கும்.

"நாளைக்குக் காலையில வேலைக்கு வாறப்ப நேரா இங்க வாங்க" என்றேன். "அப்பவும் தொங்கிக்கிட்டு இருந்தா சாவி ஒங்க கையில. நீங்களே தொறந்துக்கங்க."

அதற்குள் விசயம் தொழிற்சங்கத்துக்குப் போய்விட்டது. மாலையில் சங்கத் தலைவர் எனக்குப் போன் எடுத்தார். "தண்ணீர் மனித உரிமை" என்றார். மனிதருக்கு உரிமைதான், எள்ளுக்கு இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, நாளைக் காலை பேசுவோம் என்றேன்.

மறுநாள் காலை நான் அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டேன். பயிர் நிமிர்ந்து நின்றது. முதல் நாள் மத்தியானம் நான் பார்த்ததும் இதே பயிர்தானா என்று எனக்கே சந்தேகம். பரமேஸ்வரி வந்தார், வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். நான் வேர்ப்பக்கம் மண்ணைத் தோண்டி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்துப் பார்த்தார். உருண்டையாக நின்றது.

"நேத்து என்னைய ஏமாத்துனது பயிரா, நீங்களா?" என்று கேட்டார்.

"வெயிலு."

"அப்ப சாவி?"

"பையிலயே இருக்கட்டும்."

அவர் மண்ணை உதறிவிட்டு வேலைக்குப் போனார். என்னை நம்பிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று முதல் ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு இடத்தில் குனிந்து மண்ணைப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டேன். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் செருப்பைச் சரிசெய்வது போலப் பாவனை செய்வார்.

இப்போது பெரிய ஆட்கள் திரும்ப வந்த நாளுக்கு வருகிறேன்.

எள்ளு முதிரும்போது அடியிலைகள் மஞ்சளாகி உதிரும். அடியில் இருக்கும் காய்களும் நிறம் மாறும். தண்ணீரை அடியோடு நிறுத்திவிட்டு, காய் வெடிப்பதற்குள் வெட்ட ஆளைத் தயார் செய்யும் நேரம் அது. எங்கள் நிலம் சரியாக அந்தப் பதத்தில் நின்றது. அழகான விளைச்சல். ஆனால் விசயம் தெரியாதவர் பார்த்தால், பஞ்சத்தில் காய்ந்து சாகிற பயிர் மாதிரியே இருக்கும்.

விசயம் தெரியாதவர்கள் மூன்று வாகனத்தில் வந்தார்கள். டைரக்டர் வந்தார். பம்ப் கொடுத்த அமைப்பிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வந்தார். படம் எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். பெண்மணி நிலத்தைப் பார்த்ததும் முகம் வாடிப்போனார். மஞ்சள் இலை ஒன்றை விரலால் தொட்டு, "ஐயோ, இவற்றுக்குத் தண்ணீரே கிடைக்கவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

டைரக்டரின் முகம் சிவந்தது. இனாமாக வாங்கிய பம்ப் பக்கத்தில் நிற்கிறது, பயிர் காய்ந்து கிடக்கிறது, கொடுத்தவர் எதிரில் நிற்கிறார். துரையின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில், "பம்பைப் போடச் சொல்லும். உடனே. முழு நிலத்துக்கும்" என்றார்.

துரை என்னைப் பார்த்தார். பரமேஸ்வரியும் மற்றப் பெண்களும் வரப்பில் நின்று என்னைப் பார்த்தார்கள். கீழ்ப்பக்கம் இருந்தது களிமண். அந்த நேரத்தில் முழு நிலத்துக்கும் தண்ணீர் பாய்ந்தால் வேர் அழுகும், பயிர் சாயும், பிடித்த காய் கொட்டும். ஒரு பருவமும், அதை நம்பியிருந்த லயமும் ஒரு படத்துக்காகப் போகும். இதையெல்லாம் விளக்கலாம் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் விருந்தாளியின் முன்னால் டைரக்டரை மடையனாக்கினால், அவர் பம்பை இன்னும் சத்தமாகப் போடச் சொல்வார். எந்த டைரக்டரும் அப்படித்தான். நீங்கள் டைரக்டரானாலும் அப்படித்தான்.

"சேர்" என்றேன் ஆங்கிலத்தில். "இந்த நிலம் வெட்டுக்கு நிற்கிறது. தண்ணீருக்குக் காத்திருப்பது நீங்கள் உங்கள் கையால் விதைத்த இடம்தான். அது இப்போதுதான் பூக்கிறது. வாருங்கள், அங்கே திறப்போம்."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தாமதித்து விதைத்த மூலை உண்மையிலேயே பூவில் நின்றது, உண்மையிலேயே அதற்குத் தண்ணீர் தேவைப்பட்டது. டைரக்டருக்கு 'உங்கள் கையால்' என்ற இடத்தில் முகம் மலர்ந்தது. பெண்மணிக்குப் பச்சையும் பூவும் கண்டு நிம்மதி. எல்லாரும் ரோட்டோரம் நடந்தார்கள். நான் குழாயைத் திருப்பினேன். தண்ணீர் பாய்ந்தது, படம் எடுத்தார்கள், பெண்மணி கையை நனைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் நிறுத்தப் போனேன். டைரக்டர் தடுத்தார். "விடுங்கள், நாங்கள் சாப்பிட்டுவிட்டு இந்தப் பக்கமாகத்தான் திரும்புவோம். போகும்போதும் அம்மையார் பார்க்கட்டும்." அப்போது ஒரு கணக்குப் போட்டேன். பெரிய நிலம் தப்பிவிட்டது. மூலைக்காக இன்னொரு சண்டை போட்டால், பேச்சு திரும்பவும் பெரிய நிலத்துக்கே போகும். விட்டுவிட்டேன். இதற்காக இன்றைக்கும் நான் வருந்தவில்லை. துரையின் பங்களாவில் சாப்பாடு நீண்டது, பேச்சு அதைவிட நீண்டது. தண்ணீர் பாய்ந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை பரமேஸ்வரி என்னை ரோட்டோரத்துக்குக் கூப்பிட்டார். மூலைப் பயிர் முழுவதும் தலை தொங்கி நின்றது.

"காலையிலயே தொங்குது, ஐயா. நீங்க சொன்ன கணக்குப்படி இதுக்குத் தண்ணி பத்தல."

"தோண்டிப் பாருங்க."

தோண்டினார். குழியில் தண்ணீர் ஊறி நின்றது. தண்ணீர் இல்லாமல் தவிக்கிற பயிரும் தண்ணீரில் மூச்சு முட்டுகிற பயிரும் வெளியே ஒரே மாதிரித்தான் தொங்கும். இதை எந்தப் பாடத்தில் படித்தாலும் மனதில் நிற்காது. சேற்றுக் கையோடு ஒரு தடவை பார்த்தால் போதும். பரமேஸ்வரி கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எள்ளும் தண்ணியும் எறச்சு, டைரக்டரு காரியத்தையே முடிச்சுட்டாரு போங்க" என்றார்.

நான் அந்த வருசம் வாய்விட்டுச் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். மூலைப் பயிர் அழுகிப் போனது.

பெரிய நிலத்தை நேரத்துக்கு வெட்டினோம். கட்டுக்கட்டாக நிறுத்திக் காய வைத்து, தார்ப்பாய்ப் படங்கை விரித்து, தலைகீழாகப் பிடித்துத் தட்டினோம். எள்ளு கொட்டுகிற சத்தம் தகரக் கூரையில் தூறல் விழுவது போல இருந்தது. அந்தச் சத்தம் அந்த டிவிசனுக்குப் பழக்கமில்லாதது. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டினார்கள். துரை காலணியைக் கழற்றிவிட்டுப் படங்கின் மேல் வந்து தாமும் ஒரு கட்டைத் தட்டினார். பாதி எள்ளை வெளியே சிந்தினார், பெண்கள் அதைக் கூட்டி அள்ளினார்கள்.

கீழ் டிவிசன் மூடப்படவில்லை. கம்பெனி வெளியிட்ட படம் போட்ட பத்திரிகையில், பூத்துக் குலுங்கும் எள்ளுக்கு நடுவே டைரக்டரும் பெண்மணியும் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றார்கள். நவீன நீர்ப்பாசனத்தால் வறண்ட நிலம் விளைந்தது என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் இருந்த பயிரில் ஒரு மணி எள்ளுகூட எடுக்கவில்லை. விளைச்சல் கொடுத்த நிலம் படத்தில் இல்லை. அந்தப் படம் இல்லாவிட்டால் டிவிசன் தப்பியிருக்குமா என்றால், எனக்கு நிச்சயமில்லை. ஆகவே அந்த அழுகிய மூலைக்கும் ஒரு மரியாதை உண்டு. வேலையில் இதையும் பழகிக்கொள்ளுங்கள். சரியானதைச் செய்ததற்கும் பாராட்டு வந்ததற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

சில மாதங்களில் நான் ஓய்வு பெற்று, பெல்மதுளைப் பக்கம் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். பழைய துரையும் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். அடுத்த எள்ளுப் பருவத்தில், நல்ல வெயில் நேரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பரமேஸ்வரி போன் எடுத்தார்.

"ஐயா, எள்ளு தலையத் தொங்கப் போட்டுருச்சு. தண்ணி விடவா?"

இவ்வளவு பட்ட பிறகும் இந்தக் கேள்வியா?

"என்னம்மா இது? ஒங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

"எனக்குத் தெரியுங்க" என்றார். "புதுத் தொரை பக்கத்துல நிக்கிறாரு. பம்பத் தொறங்கன்னு ஒத்தக் காலுல நிக்கிறாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு. ஒங்க சத்தத்தக் கேட்டாலாவது கேப்பாருன்னு ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

நான் வாயில் இருந்த சோற்றை விழுங்கினேன். அந்தப் பக்கம் ஒரு இளம் குரல் தொண்டையைச் செருமியது.

"வணக்கம், தொரை" என்றேன். "இன்னைக்குக் காலையில பயிரப் பாத்தீங்களா?"

"இல்ல, ஐயா. நான் இப்பதான் வந்தேன்."

"பரமேஸ்வரி பாத்தாங்களா?"

"பாத்தாங்களாம். மண்ணும் தோண்டிப் பாத்தாங்களாம்."

"அப்ப பக்கத்துல நிக்கிறவங்க பேச்சக் கேக்காம, எதுக்கு பெல்மதுளை வரைக்கும் கேக்குறீங்க?" என்று சொல்லிவிட்டு, கையில் சோறு காய்வதற்குள் போனை வைத்தேன்.